நின்ற இடத்தில் ஓடிய வண்டி

என் லாரியின் இன்ஜினுக்குக் கேடுகாலம் வந்துவிட்டது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் என் மகள். அதுவும் போனில். நான் எப்போதும் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டுதான் அவளோடு பேசுவேன். பேச்சு எனக்குப் பிடிக்காத பக்கம் திரும்பினால், "சத்தத்துல ஒண்ணும் கேக்கலம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட வசதி. அன்றைக்கு அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அப்பா, உள்ள ஏதோ தட்டுதே."

"எங்கம்மா?"

"வண்டிலதான். டக் டக்னு. முன்னாடி இப்படி இருக்காதே."

பிறந்ததிலிருந்து அவள் கேட்டு வளர்ந்த இன்ஜின் அது. பள்ளிக்கூட வாசலில் மற்றப் பிள்ளைகள் அப்பா வருகிறாரா என்று எட்டி எட்டிப் பார்க்கும்போது, இவள் தெருமுனைச் சத்தத்தைக் கேட்டே பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்வாள். அவள் காதை ஏமாற்ற முடியாது. அந்தத் தட்டல் எனக்கும் கொஞ்ச நாளாகவே கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆயில் பிரஷர் முள் காலையில் ஒழுங்காக எழுந்து நிற்கும். இன்ஜின் சூடேறி, வண்டியை ஓரம் கட்டினால் சோர்ந்துபோய்க் கீழே படுத்துவிடும். சிவப்பு விளக்கு மினுக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் வேண்டா வெறுப்பாகக் கொஞ்சம் எழும். ஆயுசு முழுக்க ஸ்டியரிங் பிடித்தவனுக்கு இதற்கு அர்த்தம் தெரியாமலா இருக்கும்?

தெரிந்தும் சும்மா இருந்தேன். ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஒளித்து என்ன ஆகப்போகிறது. அந்தச் சத்தம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

என் மனைவி கண்ணை மூடிய பிறகு, மகள் என்னைத் தன் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னாள். மாப்பிள்ளையும் நல்ல மாதிரி, அவரும் கூப்பிட்டார். சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இன்ஜின் ஓடற வரைக்கும் நானும் ஓடுவேன். அது நின்ன அன்னிக்கு உன் வீட்டு வாசல்ல வந்து நிக்கறேன்" என்று பெரிய மனுஷன்போல அறிவித்தேன். ஆம்பிளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? தலையாட்டியவர்கள் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் வீட்டைப் பூட்டிவிட்டு லாரியில் ஏறினேன்.

வீம்பு ஒரு மழைக்காலத்துக்குக்கூடத் தாங்கவில்லை. வாக்கு மட்டும் மிச்சம் இருந்தது. மகள் மறுபடி கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். அவள் கூப்பிடவில்லை. சொன்ன சொல்லை மதிக்கிற பிள்ளையாக வளர்த்துத் தொலைத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் போனை வைப்பதற்கு முன்னால், "இன்ஜின் எப்படிப்பா இருக்கு?" என்று மட்டும் கேட்பாள். "அதுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு" என்பேன். அவள் ஏதோ சொல்வாள். இன்ஜின் சத்தத்தில் அது கேட்காது.

இன்ஜின் செத்தால் மகள் வீட்டுக்குப் போகலாம். பாழாய்ப்போன இன்ஜினோ சாகிற வழியைக் காணோம். அதற்காக அதை வேண்டுமென்றே மிதித்து உடைக்கவும் மனம் வரவில்லை. மகளைப் படிக்கவைத்த வண்டி, கட்டிக்கொடுத்த வண்டி, எனக்குச் சோறு போட்ட வண்டி. அதன் கழுத்தை என் கையால் நெரிக்க மாட்டேன். இன்னொருவன் பார்த்து, "முடிஞ்சுதுண்ணே" என்று வாயால் சொல்லட்டும் என்று, சரக்கை இறக்கிய கையோடு ரேடியோவிடம் கொண்டுபோனேன்.

ரேடியோ என்பது மெக்கானிக்கின் பட்டப்பெயர். வாயைத் திறந்தால் மூட மாட்டான், ஸ்டேஷனை மாற்றவும் முடியாது. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் மண்பாதையில், ஒரு வெல்டிங் பட்டறைக்கும் பழைய டயர்க் குவியலுக்கும் நடுவில் அவனுடைய தகரக் கொட்டகை. ஐந்து பேர் இருக்கிற வீட்டில் தன் பேச்சை ஒருத்தரும் காதில் வாங்குவதில்லை என்பது அவனுடைய நிரந்தரக் குறை. எனக்கு அவன் பேச்சு பிடிக்கும். நடுநடுவே "ம்" கொட்டினால் போதும், நம்மைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டான். அவன் பேசுகிறவரை வண்டிக்கு ஆபத்தில்லை என்பதும், வாயை மூடினால் வண்டிக்காரன் தலையில் கைவைத்துக்கொள்ளலாம் என்பதும் அந்தச் சாலையில் எல்லோருக்கும் தெரியும்.

"வாங்கண்ணே, வாங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடியே சத்தம் வந்துருச்சு. உள்ள யாராச்சும் தச்சு வேலை பாக்கறாங்களா?"

"அத நீதான் சொல்லணும்."

"எவ்வளவு நாளா?"

"இப்பத்தான். ரெண்டு நாளா."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு பானட்டைத் திறந்தான். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்தான். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்றது. பிரஷர் குறைந்த இன்ஜினில் ஆயில் குறைந்திருக்க வேண்டும். இதில் கூடியிருந்தது. கம்பி நுனியை மூக்கிடம் கொண்டுபோனவன் முகத்தைச் சுளித்தான்.

"மோந்து பாருங்க. டீசல். ஆயில்ல டீசல் ஊத்துனீங்களா, டீசல்ல ஆயில் ஊத்துனீங்களா?"

"என்ன தம்பி, விளையாடறியா?"

"நானா விளையாடறேன்? தண்ணி மாதிரி ஆயிருக்கு. இது எப்படிப் பிரஷர் குடுக்கும்?"

ஆனாலும் அவன் அவசரப்படவில்லை. இன்ஜின் பக்கவாட்டில் இருந்த பிரஷர் சுவிட்சைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் தன்னுடைய மீட்டரைக் குழாயோடு மாட்டினான். "டேஷ்போர்டு முள்ளு பொய் சொல்லும்ண்ணே. மனுஷங்க அளவுக்குச் சொல்லாது, ஆனா சொல்லும்" என்றான். முள் பொய் சொல்லியிருந்தால் என் பிழைப்பு பழையபடி அதே பாதைதான். இன்ஜினை ஓடவிட்டு, சூடேறும்வரை இரண்டு பேரும் டீ குடித்தோம். அவன் தன் மூத்த பெண்ணுக்கு வந்த வரன்களை வரிசையாகக் குறைசொல்லி முடித்தான். பிறகு மீட்டரைப் பார்த்தோம். அதிலும் முள் தரையோடு தரையாகத்தான் கிடந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

"முள்ளு உண்மையத்தான் சொல்லிருக்கு" என்று சொல்லிவிட்டு, ஒரு நீள ஸ்குரூடிரைவரை எடுத்தான். அதன் நுனியை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினான். பேச்சு நின்றது. மேலே வைத்தான், நடுவில் வைத்தான், குனிந்து கீழே வைத்தான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆஸ்பத்திரியில் மனைவியின் முதுகில் குழலை வைத்துக் கேட்ட டாக்டரையும் இப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு வேண்டியதற்கு நேர் எதிரானதை இன்றைக்கு வேண்டிக்கொண்டிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

அடுத்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகிற டீசல் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, மறுபடி இறுக்கினான். கீழே கிராங்கைப் பிடிக்கும் பேரிங் போயிருந்தால், அந்தச் சிலிண்டருக்கு டீசல் நின்றதும் தட்டல் அடங்கும். எதற்கும் அடங்கவில்லை. அது பாட்டுக்கு டக் டக் என்று தட்டிக்கொண்டே இருந்தது.

"கீழ இல்லண்ணே" என்று நிமிர்ந்தான். "வால்வு இருக்கற மேல்பக்கம் தட்டுது. மேல வரைக்கும் ஆயில் வந்து சேரல. ஆனா டீசல் எப்படி ஆயிலுக்குள்ள எறங்குச்சு? அதான் இடிக்குது." டீசல் பம்பைச் சுற்றித் தடவிப் பார்த்தான். இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதித்தான். எல்லாம் சரியாக இருந்தன. கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தான்.

"அண்ணே, நிறுத்தி வெக்கறப்ப இன்ஜின ஓடவிடுவீங்களா?"

"சேச்சே. டீசல் என்ன தண்ணியா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவன் வண்டிக்கு அடியில் போனான்.

ஆயில் பிளக்கைக் கழற்றியதும், கறுப்பாக, ஒரு கனமும் இல்லாமல் சொளசொளவென்று கொட்டியது. அது வடிந்து முடிந்த பிறகு, ஆயில் தங்கியிருக்கும் அடித்தொட்டியின் போல்ட்டுகளைச் சுற்றிலும் கழற்றினான். தொட்டியை இறக்க நானும் ஒரு பக்கம் தாங்கிப்பிடித்தேன். அதன் அடியில் களிம்புபோலக் கறுப்புக் கசடு விரலளவுக்கு அப்பிக்கிடந்தது. பம்பு ஆயிலை உறிஞ்சுகிற குழாயின் வாயில் ஒரு சல்லடை உண்டு. அதில் கண் ஒன்றுகூடத் தெரியாமல் அடைத்திருந்தது. ரேடியோ அதை விரலால் வழித்தான். வழித்ததைத் தேய்த்துப் பார்த்தான். சத்தமே இல்லை அவனிடம். வெல்டிங் பட்டறையின் கிர்ர் மட்டும் கேட்டது. சரி, முடிந்தது, சாயங்காலம் மகளிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். என்ன உடுத்திக்கொண்டு போவது என்பதுவரை மனம் ஓடிவிட்டது.

அவன் கிராங்கின் பேரிங் மூடிகளையும் கழற்றி, உள்ளே இருந்த பிறை வடிவத் தகடுகளை எடுத்து வந்து வெயிலில் காட்டினான். சாம்பல் நிறத்தில், ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. நகத்தால் கீறிப் பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை.

"பயப்படாதீங்க. இன்ஜினுக்கு ஒண்ணுமில்ல" என்றான் ரேடியோ. "நல்ல நேரத்துல கொண்டாந்தீங்க. சல்லடைய கழுவி, புதுத் தகடு போட்டு, நல்ல ஆயில் ஊத்தினா, இன்னும் பத்து வருஷம் ஓடும்."

"பத்து வருஷமா?"

"என்னண்ணே, ஜெயில் தண்டனை சொன்ன மாதிரி கேக்கறீங்க?"

நான் டயர்க் குவியலில் உட்கார்ந்தேன். நானே எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டேன்.

"தம்பி, என் மக போன் பண்ணுவா. இன்ஜின் போச்சுன்னு ஒரு வார்த்த சொல்றியா?"

"யாரு, நானா? நல்ல இன்ஜின செத்துப்போச்சுன்னு சொல்லவா? நாளைக்கு எவனாச்சும் ஒருத்தன் வந்து சாவியத் திருப்பினா என் பேரு நாறிடும். வேற என்ன வேணா கேளுங்க." கோபமாகத்தான் ஆரம்பித்தான். என் முகத்தைப் பார்த்ததும் பாதியில் தணிந்துவிட்டான். கசடு அப்பிய சல்லடையை எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இதப் பாருங்க. ஓடற வண்டில இப்படிச் சேராதுண்ணே. ஓடினா இன்ஜின் நல்லா சூடாகி, டீசல் மொத்தமா எரிஞ்சுடும். நின்ன இடத்துலயே மணிக்கணக்கா ஓடினாத்தான் பாதி எரிஞ்சும் எரியாம ஆயில்ல எறங்கும், இப்படிக் கசடு கட்டும். இது நின்ன இடத்துல ஓடின வண்டி. ராத்திரி முழுக்க ஓடியிருக்கு. எதுக்குண்ணே?"

வழக்கமாகக் கேள்வி கேட்காதவன் கேட்டுவிட்டான். நான் சல்லடையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

மகள் கல்யாணமாகிப் போன பிறகு என் மனைவி என்னோடு லாரியில் வர ஆரம்பித்தாள். பக்கத்து சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். தலைக்கு மேலே ஒரு கொக்கியில் அவள் பை தொங்கும். நான் ஓரம் கட்டியதும், "அணைங்க, காது வலிக்குது" என்று சொல்லி, நான் கை நீட்டுவதற்குள் அவளே சாவியைத் திருப்பிவிடுவாள். பிறகு பேசுவாள். தூங்கும்வரை பேசுவாள். அவள் போன பிறகு, முதல் நாள் ஓரம் கட்டி, இன்ஜினை நான் அணைத்தேன். அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. சாவியைத் திருப்பி மறுபடி ஓடவிட்டேன். இன்ஜின் ஓடினால் பக்கத்து சீட் லேசாக அதிரும். கொக்கியில் பை ஆடும். யாரோ உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுவேன்.

"தெனமுமா?" என்றான்.

"தெனமும்தான்."

ரேடியோ தலையைச் சொறிந்தான். ஆயில் கையோடு சொறிகிறோம் என்பதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. "சுத்தம் பண்ணிக் குடுத்துடுவேன்" என்றான் கடைசியில். "ஆனா நீங்க இப்படியே ஓடவிட்டீங்கன்னா திரும்பவும் அடைக்கும். அத மட்டும் நிறுத்தணும்."

"அத நிறுத்த முடியாது தம்பி."

அப்போது கேபினுக்குள் என் போன் அடித்தது. ஓடிப்போய் ஏறி உட்கார்ந்தேன். மகள்தான். ஒரு கை போனைக் காதில் வைத்தது, இன்னொரு கை தானாகச் சாவியைத் திருப்பப் போனது. பழக்கதோஷம். சாவியைத் தொட்டபிறகுதான் நினைவு வந்தது. கீழே ஆயில் தொட்டியே இல்லை. ஓடவிட முடியாது.

"அப்பா?" என்றாள். "ஏன் சத்தமே இல்ல? இன்ஜின் போயிடுச்சா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். ரேடியோவைக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவான், ஆனால் அவனை யார் கேட்கப் போகிறார்கள்? வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அவளைப் பத்து மாதம் சுமந்து பெற்ற என் மனைவி இருந்திருந்தால், மகளிடம் பொய் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டிருப்பாள்.

"இல்லம்மா. நல்லாத்தான் இருக்காம். இன்னும் பத்து வருஷம் ஓடுமாம்."

"ஓ" என்றாள். பிறகு, "நல்லதுப்பா" என்றாள்.

இத்தனை நாளும் இன்ஜின் சத்தத்தில் நான் கேட்காமல் விட்டது இதைத்தான். அந்த "ஓ"வில் ஒரு நல்லதும் இல்லை. எதையோ ஆசையாகக் கையில் வாங்கப் போய், இல்லை என்றதும் கையை இழுத்துக்கொள்கிற பிள்ளையின் குரல் அது. அவளுக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு என் பேத்தியின் குரல், கொஞ்சம் தள்ளி, ஆனால் தெளிவாக.

"அம்மா, தாத்தா வண்டி நின்னுடுச்சா? தாத்தா வராரா?"

"ச்சு, இரு" என்று மகள் போனைப் பொத்தினாள். பொத்துவதற்குள் நான் கேட்டுவிட்டேன். என் வண்டி எப்போது நிற்கும் என்று நான் மட்டும் காத்துக்கொண்டிருக்கவில்லை. அந்த வீடே காத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஆளுக்கொரு மூலையில், என்னுடைய வெட்டிச் சவடாலுக்கு மரியாதை கொடுத்துக்கொண்டு.

பக்கத்து சீட்டைப் பார்த்தேன். அசையாமல் இருந்தது. பையும் அசையவில்லை. அழுகை வந்தது, அதை அடக்கவில்லை. அடக்கினால் பேச முடியாது என்று தெரியும்.

"வண்டிக்கு ஒண்ணுமில்லம்மா. எனக்குத்தான் முடியல. தனியா இருக்க முடியல. நான் வரட்டுமா?"

தண்ணீர்க் குழாய் மூடப்பட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. அதற்குப் பிறகு அவள் பேசியபோது அது அப்படியே அவள் அம்மாவின் குரல், இன்ஜினை அணைக்கச் சொல்கிற அதே அதட்டல்.

"பாட்டரி வயர கழட்டி வெச்சுட்டு வாங்க. ரொம்ப நாளைக்கு நிக்கப்போற வண்டி, இல்லனா சார்ஜ் எறங்கிடும்."

கொக்கியிலிருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். வண்டிக்கு அடியிலிருந்து ரேடியோவின் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. பேச்சு மறுபடி ஆரம்பித்திருந்தது, இந்த முறை என் இன்ஜினோடு.

"தம்பி," என்றேன், "பாட்டரி கழட்ட ஒரு ஸ்பேனர் குடு."